வீட்டுக் கம்ப்யூட்டரில் இரட்டை நாயனம்

(பழைய மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் பேசிய பேச்சுநடையை முடிந்த மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



மதியச் சாப்பாடு முடிந்து, பாயசமும் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த நேரத்தில் பேச வருகிறவன் பாவம் செய்தவன். செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "டெக்னிக்கலா ஏதாவது பேசு தம்பி, ஆனா யாருக்கும் தூக்கம் வரக்கூடாது" என்றார். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று அவருக்கும் தெரியும். ஆகவே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லி, அதற்குள் கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸை மறைத்து வைத்திருக்கிறேன்.

நான் 2006-ல் இங்கே ஈ.சி.ஈ. சேர்ந்து 2010-ல் வெளியே போனவன். ஹாஸ்டலில் எங்கள் அறையில் ஒரு கம்ப்யூட்டரும், ஒரு சப்-ஊஃபரோடு கூடிய மூன்று பெட்டி ஸ்பீக்கரும் இருந்தன. வார்டன் ரவுண்ட்ஸ் வரும்போது ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி ஹெட்போன் வயரைச் சொருக வேண்டும். அந்த ஒரு துளையில் இரண்டு வயரையும் மாற்றி மாற்றிச் சொருகித்தான் நாலு வருஷம் ஓட்டினோம். ஒரே நேரத்தில் இரண்டிலும் கேட்க முடியுமா என்று அப்போது யோசித்ததில்லை. தேவை இருக்கவில்லை.

தேவை வந்தது எங்கள் அப்பாவால்.

அப்பா பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது தாண்டியதும் காது மந்தமாகிவிட்டது; இடது காது ரொம்பவே மோசம். காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். நேரில் பேசுவதற்கு அது பரவாயில்லை. ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் உட்கார்ந்து படம் பார்க்கும்போது அவருக்கு வசனம் பிடிபடவில்லை. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரை ஹெச்.டி.எம்.ஐ. வயரால் டிவியோடு இணைத்து வைத்திருக்கிறோம். படமும் சத்தமும் டிவியில் வரும். அவருக்காக சத்தத்தைக் கூட்டினால் அம்மாவுக்குத் தலைவலி, பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். குறைத்தால் அவர் வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மாதம் அப்படி உட்கார்ந்தார். அப்புறம் சாப்பிட்டதும் எழுந்து போய்த் தன் அறையில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். "தூக்கம் வருதுப்பா" என்பார். எட்டரை மணிக்கு என்ன தூக்கம்? காது கேட்காதவர்கள் கோபித்துக்கொண்டு விலகுவதில்லை, சத்தமில்லாமல் விலகிவிடுகிறார்கள். அதை நான் கவனிக்கவே ரொம்ப நாளாயிற்று.

நான் என்ஜினீயர் ஆச்சே! அப்பாவுக்கு ஹெட்போன், எங்களுக்கு டிவி ஸ்பீக்கர். இரண்டிலும் ஒரே சத்தம். இது ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்தேன். ஐந்து மாதம் ஆனது.

முதலில் டிவியிலேயே இருக்கும் ஹெட்போன் துளையில் சொருகிப் பார்த்தேன். சொருகின உடனே டிவி ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. சரி, கம்ப்யூட்டரிலிருந்தே இரண்டாகப் பிரிப்போம் என்று வந்தேன்.

இங்கே மூத்த அண்ணன்மார்களுக்காக ஒரு சின்ன இடைச்செருகல். உங்கள் காலத்தில் கம்ப்யூட்டரில் சத்தம் என்றால் 'பீப்' மட்டும்தான். சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம், சிம் வோங் ஹூ என்பவர் தொடங்கியது, 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டைக் கொண்டுவந்தது. ஒரு கார்டைப் போட்டு ஐ.ஆர்.க்யூ. எண் சரியாக அமைந்து சத்தம் வந்தாலே தேங்காய் உடைத்த காலம் அது. இரண்டாவது கார்டைப் பற்றி யார் நினைத்தார்கள்? இன்றைக்கு நிலைமை தலைகீழ். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் எண்ணிப் பார்த்தேன். மதர்போர்டில் ஒரு ஒலிச் சிப், கிராபிக்ஸ் கார்டு வழியாக டிவிக்கு ஒன்று, யு.எஸ்.பி. ஹெட்செட் ஒன்று, புளூடூத் ஒன்று. சத்தம் வெளியே போக மட்டும் நாலு வழி. உள்ளே வர, வெப்கேமரா மைக்கையும் சேர்த்து மூன்று. நாம் காசு கொடுத்துக் கேட்டு வாங்கினது இதில் பாதிகூட இல்லை. ஒவ்வொன்றும் தான்தான் வீட்டுக்கு மூத்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. புது மானிட்டரைச் சொருகினால் சத்தம் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போய்விடும், அதில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும்.

விண்டோஸில் ஒரு புரோகிராமின் சத்தத்தை ஒரு கருவிக்கும், இன்னொன்றின் சத்தத்தை வேறு கருவிக்கும் அனுப்புவது இப்போது சுலபம். விண்டோஸ் 10-ல் 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து செட்டிங்ஸிலேயே அந்த வசதி இருக்கிறது. பொண்ணு ஹெட்செட்டில் ஆன்லைன் வகுப்பு கேட்க, அம்மா ஸ்பீக்கரில் பாட்டு கேட்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது அது இல்லை. ஒரே சத்தம் இரண்டு இடத்தில், ஒரே சமயத்தில் வர வேண்டும். இரட்டை நாயனம் மாதிரி.

அப்பாவின் பிறந்த நாளுக்கு நல்ல புளூடூத் ஹெட்போன் ஒன்று வாங்கினேன். வாய்ஸ்மீட்டர் என்ற மென்பொருளைப் போட்டு, சத்தத்தை டிவிக்கும் ஹெட்போனுக்கும் அனுப்பினேன். இரண்டிலும் வந்தது. அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். நகைச்சுவைப் படம். எல்லாரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். பத்து நிமிஷம் கழித்து என் பொண்ணு, அப்போது ஏழு வயது, சொன்னாள்: "அப்பா, தாத்தா மட்டும் லேட்டா சிரிக்கிறார்."

நான் அதைத் தாத்தாவின் வயசு என்று எடுத்துக்கொண்டேன். தப்பு. அது புளூடூத்தின் வயசு. புளூடூத்தில் சத்தத்தைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, காற்றில் அனுப்பி, அந்தப் பக்கம் சேர்த்து வைத்துப் பிரித்து ஒலிக்க வேண்டும். சாதாரணமாக இதற்கு 100 முதல் 200 மில்லிசெகண்ட் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் ஆகும். பாட்டு கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. படம் பார்ப்பவருக்குத் தெரியும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று இருக்கிறது, பி.டி.1359 என்று. அதன்படி, சத்தம் படத்துக்கு 45 மில்லிசெகண்ட் முந்தினால் மனிதர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிந்தினாலோ 125 வரைக்கும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பிந்துவதை ஏன் அதிகம் பொறுக்கிறோம்? இயற்கையில் வெளிச்சம்தான் முதலில் வரும். ஆற்றின் எதிர்க்கரையில் துணி துவைக்கிறவர் கை இறங்குவது முதலில், 'தப்' என்ற சத்தம் அப்புறம். ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 3 மில்லிசெகண்ட். நம் மூளைக்கு அது பழக்கம்.

ஆனால் அப்பாவின் விஷயம் வேறு. ஒரு வாரம் கழித்து ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்து, "வேணாம்ப்பா, நீங்க பாருங்க" என்று உள்ளே போய்விட்டார். எனக்கு வருத்தம், கொஞ்சம் கோபமும்கூட. இவ்வளவு செலவு பண்ணியிருக்கிறோமே என்று. காது டாக்டரிடம் அடுத்த முறை போனபோது இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கேட்டார், "உங்க அப்பா பேசறவங்க வாயைப் பாத்துத்தானே புரிஞ்சுக்கிறார்?" எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. காது மங்க மங்க, அவர் தனக்குத் தெரியாமலே உதட்டைப் படிக்கப் பழகியிருக்கிறார். காதில் பாதி, கண்ணில் பாதி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்தான் சொல் முழுசாகும். நான் வாங்கிக் கொடுத்த விலையுயர்ந்த ஹெட்போன் சொல்லைக் கால் செகண்டுக்கு அருகே தள்ளிக் கொண்டுபோய் வைத்தது. உதடு அடுத்த வார்த்தைக்குப் போயிருக்கும். காதில் போன வார்த்தை. ஹெட்போன் இல்லாமல் இருந்தபோது புரிந்ததைக்கூட நான் கெடுத்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய கோப்புகளை மட்டும் பார்ப்பதாக இருந்தால் இதற்கு ஒரு வழி உண்டு. வி.எல்.சி. பிளேயரில் 'ஜே' எழுத்தை ஒரு முறை தட்டினால் சத்தம் 50 மில்லிசெகண்ட் முன்னால் வரும், 'கே' தட்டினால் 50 பின்னால் போகும். சத்தத்தை 200 முன்னால் இழுத்துவிட்டு, டிவி ஸ்பீக்கருக்குப் போவதை மட்டும் மென்பொருளில் 200 தாமதப்படுத்தினால் இரண்டும் படத்தோடு சேரும். செய்து பார்த்தேன், சேர்ந்தது. ஆனால் எங்கள் வீட்டில் முக்கால்வாசி பார்ப்பது இணையத்தில் ஓடும் படங்கள். அங்கே இந்த வித்தை செல்லாது.

ஆகவே புளூடூத்தை ஓரங்கட்டிவிட்டு, கட்டைவிரல் அளவு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கி, ஐந்து மீட்டர் வயரோடு ஹெட்போனைப் போட்டேன். இந்த இடத்தில் எனக்கு ஒரு திமிர் வந்தது. அடுத்தவன் எழுதின மென்பொருள் எதுக்கு, நாமே எழுதுவோமே என்று. ஆபீஸில் நாள் பூரா சி பிளஸ் பிளஸ் எழுதுகிறவன் இல்லையா! இரண்டு ராத்திரியில் எழுதி முடித்தேன். உள்ளே வரும் சத்தத்தை எடு, இரண்டு பிரதி போடு, ஒன்று டிவிக்கு, ஒன்று யு.எஸ்.பி.க்கு. அவ்வளவுதான். ஓடியது. சேர்ந்தே ஒலித்தது. அப்பாவை மறுபடியும் கூட்டி வந்தேன். முதல் அரை மணி நேரம் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், படத்தை அல்ல. வசனம் புரிகிறது, தலையாட்டுகிறார். என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது கேட்டேன், எப்படி இருந்தது என்று. அவர் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "முதல்ல நல்லா இருந்துச்சு. இடைவேளைக்கு அப்புறம் வாய் ஒண்ணு பேசுது, காதுல ஒண்ணு கேக்குது."

தம்பி தங்கைகளே, இந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். என் சர்வீஸில் இதைவிடத் தெளிவான பழுது அறிக்கையை நான் பார்த்ததில்லை. 'சரியில்லை' என்று சொல்லவில்லை. 'முதலில் நல்லா இருந்தது, போகப் போகக் கெட்டது' என்றார். முதலிலிருந்தே ஒரே அளவாகப் பிந்தினால் அது தாமதம். போகப் போகப் பிந்தினால் அது வேறு வியாதி.

நம் ஹாஸ்டல் மெஸ் கடிகாரம் ஞாபகம் இருக்கிறதா? செமஸ்டர் ஆரம்பத்தில் அதையும் கல்லூரி மணியையும் சேர்த்து வைப்பார்கள். மாடல் எக்ஸாம் வரும்போது மெஸ் கடிகாரம் ஐந்து நிமிஷம் பின்தங்கியிருக்கும். அதை நம்பி இட்லி சாப்பிட்டவன் எல்லாம் முதல் பீரியடுக்கு வெளியே நின்றான். நானும் நின்றிருக்கிறேன், சாட்சிகள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு ஒலிக் கருவியிலும் அப்படி ஒரு கடிகாரம் இருக்கிறது. ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம். செகண்டுக்கு 48,000 சாம்பிள் என்று நாம் சொல்கிறோம். அந்தச் செகண்ட் யாருடைய செகண்ட்? அந்தந்தக் கருவியின் படிகம் சொல்கிற செகண்ட். மலிவான படிகம் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிசகுவது சகஜம். கைக்கடிகாரமாக இருந்தால் நாளைக்கு நாலே கால் செகண்ட். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கணக்குப் போடுங்கள். 48,000-ல் அது செகண்டுக்கு 2.4 சாம்பிள். ஒரு மணி நேரத்தில் 8,640 சாம்பிள். அதாவது 180 மில்லிசெகண்ட். கம்பி போட்டே புளூடூத் அளவுக்குப் பிந்திவிட்டது!

அந்த எட்டாயிரத்துச் சொச்சம் சாம்பிளும் எங்கே போய் உட்கார்ந்திருக்கும்? மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். டிவியின் வேகத்தில் நான் தண்ணீர் ஊற்றுகிறேன். யு.எஸ்.பி. கார்டு ஒரு சொட்டு மெதுவாகக் குடிக்கிறது. தொட்டியில் மட்டம் ஏறிக்கொண்டே போகும். இன்றைக்கு ஊற்றின தண்ணீர், மேலே தேங்கியிருப்பது தீர்ந்தபிறகுதான் குழாய்க்கு வரும். அதுதான் அப்பாவின் காதில் விழுந்த பிந்தல். கார்டு வேகமாகக் குடிக்கிறதாக இருந்தால் தொட்டி வறண்டு, 'டிக் டிக்' என்று அறுந்து அறுந்து சத்தம் வரும். இரட்டை நாயனத்தில் இரண்டு வித்வான்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே வாசிப்பார்கள். ஒருவர் மூச்சு நீண்டால் மற்றவர் சேர்ந்துகொள்வார். இந்தக் கருவிகளுக்குக் காது கிடையாது. தன் படிகத்தை மட்டும் பார்த்து வாசிக்கும்.

சோதித்துப் பார்த்தேன். நிமிஷத்துக்கு ஒரு 'டக்' சத்தம் வரும் கோப்பு ஒன்றைச் செய்து, ஓடவிட்டு, டிவிக்கு முன்னால் ஹெட்போனை வைத்து, நடுவில் போனை ரெக்கார்டிங்கில் போட்டேன். பிறகு ஆடாசிட்டியில் இரண்டு 'டக்'குக்கும் இடைவெளியை அளந்தேன். ஆரம்பத்தில் சுமார் 20 மில்லிசெகண்ட். ஒரு மணி நேரம் கழித்து 190. அப்பாவின் காது மந்தம்தான், அளவு மந்தமில்லை.

இதற்கு முறையான மருந்து, தொட்டி மட்டத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டாவது கருவிக்குப் போகும் சாம்பிள்களை மிக நுட்பமாக நீட்டிச் சுருக்குவது. நல்ல மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. ஆப்பிள் மேக்கில் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற இடத்தில் 'மல்டி அவுட்புட் டிவைஸ்' உருவாக்கி, 'டிரிஃப்ட் கரெக்ஷன்' கட்டத்தில் டிக் அடித்தால் போதும். லினக்ஸில் பல்ஸ் ஆடியோவும் அதற்குப் பின் வந்த பைப்வயரும் சேர்ப்புக் கருவி ஒன்றைத் தருகின்றன. விண்டோஸில்தான் வெளி மென்பொருள் தேவை. வாய்ஸ்மீட்டரில் முதலில் தேர்ந்தெடுக்கும் கருவியின் கடிகாரம்தான் தலைமைக் கடிகாரம். எல்லாம் இருக்கிறது. நான்தான் திமிரில் அந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிட்டேன்.

எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் வேறு ஒன்று தோன்றியது. இரண்டு கடிகாரத்தைச் சமாதானப்படுத்துவதைவிட, ஒரே கடிகாரத்தில் இரண்டு வாசல் இருந்தால்? மதர்போர்டின் ஒலிச் சிப்பில் பெட்டிக்கு முன்னால் ஒரு துளை, பின்னால் ஒரு துளை. பல மதர்போர்டுகளில் ரியல்டெக் கன்ட்ரோல் பேனலில், முன் துளையையும் பின் துளையையும் இரண்டு தனித்தனிக் கருவிகளாக நடத்தும் ஒரு தேர்வு இருக்கிறது. சாதாரணமாக, முன்னால் ஹெட்போன் சொருகினால் பின்னால் இருப்பது ஊமையாகும்படிதான் வைத்திருப்பார்கள்.  அதை மாற்றினால் விண்டோஸுக்கு அவை இரண்டு கருவிகள், சத்தக் கட்டுப்பாடும் தனித்தனி. ஆனால் உள்ளே சிப் ஒன்று, படிகம் ஒன்று.

டிவி ஸ்பீக்கரை அணைத்தேன். பரணில் ஏறி, ஹாஸ்டல் ஸ்பீக்கரை இறக்கினேன். ஆமாம், அதே மூன்று பெட்டி. தூசி தட்டி, பின் துளையில் அது. முன் துளையில் அப்பாவின் ஹெட்போன், நீட்டு வயரில். டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று கொஞ்சம் பிந்திக் காட்டும். அதை கேம் மோடில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இடது காது மோசம் என்பதால் விண்டோஸில் 'மோனோ ஆடியோ'வைப் போட்டேன். இல்லாவிட்டால் இடப்பக்கம் மட்டும் வரும் சத்தம் அவருக்குக் கிடைக்காது. மறுபடியும் அந்த 'டக்' கோப்பை ஓடவிட்டு அளந்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். இடைவெளி நகரவே இல்லை. என் புரோகிராமில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

மாணவர்களுக்காக இரண்டு விஷயம் அவசரமாகச் சொல்லிவிடுகிறேன், செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதுவும் எந்தப் படிகமோ.

இப்போது பல கம்பெனி இன்டர்வியூக்கள் ஆன்லைனில் நடக்கின்றன. நானும் எங்கள் ஆபீஸுக்காக அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல பையன், விஷயம் தெரிந்தவன், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி குரல். காரணம், வழக்கமான புளூடூத் ஹெட்செட்டில் மைக்கைத் திறந்த அந்தக் கணமே அது நல்ல சத்தத்தை விட்டுவிட்டு டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். நல்ல ஸ்டீரியோவும் மைக்கும் சேர்ந்து அதில் ஓடாது. புதிதாக வந்திருக்கும் எல்.இ. ஆடியோவில் இந்தக் குறை தீர்கிறது, ஆனால் ஹெட்செட், கம்ப்யூட்டர் இரண்டுக்குமே அது தெரிந்திருக்க வேண்டும். அதுவரைக்கும் கேட்பதற்கு ஒரு கருவி, பேசுவதற்கு வேறு மைக் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாய்க் கம்பி இயர்போன் மைக்கே போதும். விண்டோஸில் 'வழக்கமான கருவி' வேறு, 'தகவல்தொடர்புக்கான கருவி' வேறு என்று இரண்டு தேர்வுகள் தனித்தனியாக இருப்பதையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். இன்டர்வியூவில் 'கேக்குதா சார், கேக்குதா சார்' என்றே முதல் நாலு நிமிஷம் போனால் யாருக்குத்தான் பதற்றம் வராது?

இரண்டாவது, பிராஜெக்டுக்காக இரண்டு யு.எஸ்.பி. மைக் வைத்து சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறவர்கள். வருஷா வருஷம் ஒரு குழுவாவது இதை எடுக்கிறது. நீங்கள் அளக்கப் போவது ஒரு மில்லிசெகண்டிலும் சின்ன வித்தியாசம். இரண்டு மைக்குக்கும் தனித்தனிப் படிகம் என்றால், அரை நிமிஷத்திலேயே படிகத்தின் பிசகு உங்கள் விடையை விழுங்கிவிடும். இரண்டு மைக் சொருகக்கூடிய ஒரே கருவியை லேபில் கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் சங்கத்திடம் கேளுங்கள். அதற்குத்தானே நாங்கள் சந்தா கட்டுகிறோம்!

அப்பா இப்போது தினமும் ராத்திரி எங்களோடு உட்காருகிறார். என் பொண்ணு முதல் இரண்டு நாள் படத்தைப் பார்க்காமல் தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காதில் வந்து, "சரியா சிரிக்கிறார்ப்பா" என்றாள். வசனம் முழுக்க விளங்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆனதும் அப்பா ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னிடம் ஒரு நாள் சொன்னார்: "ஏம்ப்பா, இந்தக் காலத்துப் படத்துல எல்லாம் இவ்வளவு மோசமாவா பேசிக்கிறாங்க? கேக்காம இருந்தப்போ நல்ல படம்னு நெனச்சிருந்தேன்." சொல்லிவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் பழைய ஈ.சி.ஈ. லேபில் இருப்பேன். அந்த மூன்று பெட்டி ஸ்பீக்கரையும், யு.எஸ்.பி. கார்டையும், 'டக்' கோப்பையும் கொண்டுவந்திருக்கிறேன். லேப்டாப் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள், அளந்து பார்க்கலாம். அந்த ஸ்பீக்கரை அடையாளம் தெரிந்த என் ரூம்மேட்டுகள் விலையில் தங்கள் பங்கைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்று இந்தச் சபையின் முன்னால் கேட்டுக்கொள்கிறேன்.